ஃபேஜ் தாக்கியும் பாக்டீரியா தப்பித்தது எப்படி? லேபுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்கிறோம். பாக்டீரியா பரப்பிய தட்டில் ஃபேஜை விட்டு, மறுநாள் எடுத்துப் பார்த்தால் பிளேக் (ஃபேஜ் பெருகி பாக்டீரியாவை அழித்த தெளிவான வட்டம்) ஒன்றுகூட இல்லை. நோட்டில் 'ரெசிஸ்டண்ட்' என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்ட்ரெய்னுக்குப் போய்விடுவதுதான் பல லேப்களில் நடக்கிறது. ஆனால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஃபேஜ் செல்லில் ஒட்டவே இல்லையா? ஒட்டி, உள்ளே அனுப்பிய டிஎன்ஏ வெட்டுப்பட்டதா? அல்லது ஃபேஜ் பெருகும் முன்பே செல் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இந்த மூன்றும் ஒரே மாதிரி பிளேக் இல்லாத தட்டாகத்தான் தெரியும்.

இவற்றைப் பிரித்தறியும் வழிமுறையை முதல்முறை ஃபேஜ் வேலையில் இறங்கும் எம்எஸ்சி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கேள்விகளின் வரிசைதான் இதில் முக்கியம். ஃபேஜ் போகும் பாதையிலேயே நாமும் போக வேண்டும்: ஒட்டுவது, டிஎன்ஏவை உள்ளே செலுத்துவது, பெருகுவது, செல்லை உடைத்து வெளியேறுவது. ஜீனோமை வரிசைப்படுத்தி மென்பொருளில் போடுவதிலிருந்து தொடங்காதீர்கள். அது கடைசியில் வரட்டும்.

எந்த ஜோடியில் பழகுவது

விடை ஏற்கெனவே தெரிந்த ஜோடியில் கையைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் உங்கள் சொந்த ஸ்ட்ரெய்னுக்கு வாருங்கள். ஈ.கோலை கே-12 எம்ஜி1655, ஈ.கோலை சி, லாம்டா வைருலண்ட் ஃபேஜ் ஆகிய மூன்றும் போதும். ஆபத்தில்லாத வகைகள், முறைகளும் எழுபது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்தவை.

சாதாரண லாம்டாவை எடுத்தால் பிளேக் கலங்கலாக இருக்கும். பிளேக்கின் நடுவிலேயே சில செல்கள் லாம்டாவின் டிஎன்ஏவைத் தம் ஜீனோமில் சேர்த்துக்கொண்டு உயிரோடு இருக்கும். அப்படி உள்ளே தங்கிய லாம்டா ஒரு தடுப்புப் புரோட்டீனைச் சுரந்துகொண்டே இருப்பதால், அடுத்து வரும் லாம்டாவால் அந்தச் செல்லில் பெருக முடியாது. இதுவும் ஒரு பாதுகாப்புதான், ஆனால் தொடக்கத்தில் இந்தக் குழப்பம் வேண்டாம். அதனால்தான் அப்படி உள்ளே தங்காத வைருலண்ட் வகை.

ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கிறதே என்று டிஎச்5ஆல்ஃபாவை எடுத்துவிடாதீர்கள். அதில் டிஎன்ஏவை வெட்டும் மரபணு பழுதாக்கப்பட்டிருக்கிறது. குறியிடும் மரபணு மட்டும் வேலை செய்கிறது. குளோனிங்குக்கு அது வசதி. நாம் பார்க்கப்போவதோ அந்த வெட்டையேதான்.

தட்டு போடுவது

1.5 சதவீத அகரில் அடித்தட்டு ஊற்றிக் காயவையுங்கள். மேலே ஊற்ற 0.6 அல்லது 0.7 சதவீத மென் அகரை உருக்கி, 3 மில்லியாக டியூப்களில் பிரித்து, 45 முதல் 48 டிகிரி வாட்டர் பாத்தில் வையுங்கள். இதைவிடச் சூடானால் பாக்டீரியா வேகும். ஆறினால் ஊற்றும்போதே ஆறிய கஞ்சியில் ஆடை படிவதுபோலத் திட்டுத்திட்டாக உறைந்து, பிளேக் எது அகர்க்கட்டி எது என்று தெரியாமல் போகும்.

பாக்டீரியாவை 0.2 சதவீத மால்டோஸும் 10 மில்லிமோலார் மக்னீசியம் சல்ஃபேட்டும் சேர்த்த ஊடகத்தில், நன்கு பெருகும் கட்டம் வரை வளருங்கள். லாம்டா செல்லில் ஒட்டும் இடம் லாம்பி என்ற புரோட்டீன். மால்டோஸ் சர்க்கரையை உள்ளே விடுவதற்காகச் செல் தன் வெளிச்சவ்வில் வைத்திருக்கும் துளை அது. மால்டோஸ் கொடுத்தால் லாம்பி நிறைய உருவாகும், குளுக்கோஸ் கொடுத்தால் குறைந்துவிடும். குளுக்கோஸ் ஊடகத்தில் வளர்த்த செல்லில் பிளேக் வரவில்லை என்றால் பழி பாக்டீரியாவின் பாதுகாப்பின் மேல் விழக்கூடாது.

ஃபேஜ் ஸ்டாக்கைப் பத்துப்பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படிக்கும் டிப்பை மாற்றுங்கள். பழைய டிப்பில் ஒட்டியிருக்கும் துளியே அடுத்த டியூப்பின் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு 200 மைக்ரோலிட்டர் பாக்டீரியாவோடு 100 மைக்ரோலிட்டர் ஃபேஜைக் கலந்து 10 முதல் 15 நிமிடம் 37 டிகிரியில் வைத்து, மென் அகர் டியூப்பில் சேர்த்து, நுரை வராமல் கலக்கித் தட்டில் ஊற்றுங்கள். உறைந்ததும் தலைகீழாக இன்குபேட்டரில் வைத்துவிடலாம்.

மறுநாள் 30 முதல் 300 பிளேக் வரை உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி போட்டு 85 பிளேக் வந்தால், ஸ்டாக்கில் மில்லிக்கு 85 கோடி ஃபேஜ். அதே ஸ்டாக்கை அதே நாளில் இரண்டு ஸ்ட்ரெய்னிலும் போட்டு, சந்தேகத்துக்குரிய ஸ்ட்ரெய்னில் வந்த கணக்கை எளிதில் தாக்கப்படும் ஸ்ட்ரெய்னின் கணக்கால் வகுத்தால் வருவதுதான் பிளேட்டிங் திறன். இந்த ஒரு எண்ணை ஒழுங்காக எடுக்கப் பழகிவிட்டால் மீதி எல்லாம் எளிது.

பல பேர் நேரத்தை மிச்சப்படுத்தத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மேலே ஃபேஜ் சொட்டு வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் ஒரே ஒரு சொட்டு மட்டும் வைக்காதீர்கள். மில்லிக்கு நூறு கோடி என்ற அளவில் கெட்டியான ஸ்டாக்கைச் சொட்டினால், அத்தனை ஃபேஜும் ஒரே நேரத்தில் செல் சுவரைத் துளைப்பதாலேயே செல்கள் உடைந்து தட்டு தெளிந்துவிடும். உள்ளே ஒரு ஃபேஜ்கூடப் பெருகியிருக்காது. எனவே நீர்த்த வரிசை முழுவதையும் சொட்டி, நீர்க்க நீர்க்கத் தெளிவான வட்டம் தனித்தனிப் பிளேக்குகளாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிரியாமல் அப்படியே மங்கி மறைந்துவிட்டால் அந்த ஸ்ட்ரெய்னில் ஃபேஜ் பெருகவில்லை.

ஒட்டுகிறதா?

இதற்கு அரை மணி நேர வேலை போதும். ஆனாலும் பலரும் தாண்டிப்போவது இதைத்தான். பத்துச் செல்லுக்கு ஒரு ஃபேஜ் என்ற கணக்கில் கலந்து, 10 நிமிடம் கழித்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரில் எத்தனை ஃபேஜ் மிச்சம் என்று எளிதில் தாக்கப்படும் ஸ்ட்ரெய்னில் போட்டு எண்ணுங்கள். பக்கத்தில் பாக்டீரியா இல்லாமல் ஊடகமும் ஃபேஜும் மட்டும் உள்ள டியூப் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுத் தெளிந்த நீரில் ஃபேஜ் வெகுவாகக் குறைந்திருந்தால் ஒட்டுகிறது என்று அர்த்தம். எண்ணிக்கை அப்படியே இருந்தால் வாசலே பூட்டியிருக்கிறது.

வாசலை மாற்றிக்கொள்வதுதான் பாக்டீரியாவின் மிக எளிய தற்காப்பு. 1943-இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் ஈ.கோலை பி-யையும் டி1 ஃபேஜையும் வைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனை இதைப் பற்றியதே. ஃபேஜைப் பார்த்த பிறகு பாக்டீரியா மாறவில்லை. மாறிய செல்கள் கூட்டத்தில் முன்பே இருந்தன, ஃபேஜ் வந்ததும் அவை மட்டும் மிஞ்சின என்று அவர்கள் காட்டினார்கள்.

லாம்டாவுக்குத் தப்பிய கே-12 காலனிகளை மால்டோஸ் சேர்த்த மெக்கான்கி தட்டில் கோடிழுத்துப் பாருங்கள். சில காலனிகள் இளஞ்சிவப்பாக வராமல் வெளிறி நிற்கும். மால்டோஸ் மரபணுக்கள் அனைத்தையும் இயக்கும் மால்-டி என்ற மரபணு கெட்டுப்போனவை அவை. லாம்பி உருவாகாததால் லாம்டா ஒட்டவில்லை, ஆனால் கூடவே மால்டோஸைச் சாப்பிடும் திறனும் போய்விட்டது. தற்காப்புக்கு பாக்டீரியா கொடுத்த விலையைத் தட்டின் நிறத்திலேயே பார்க்கலாம். லாம்பி மரபணு மட்டும் கெட்ட காலனிகள் சிவப்பாகவே வரலாம் என்பதால், சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் ஸ்ட்ரெய்ன் வழவழவென்று கேப்சூல் உள்ள வகை என்றால் அந்தப் பூச்சே வாசலை மறைக்கக்கூடும். சில ஃபேஜ்கள் இந்தப் பூச்சைக் கரைக்கும் என்சைமைத் தம் வாலில் வைத்திருக்கும். அவற்றின் பிளேக்கைச் சுற்றி மங்கலான வளையம் தெரியும்.

ஒட்டியும் பிளேக் இல்லை: டிஎன்ஏ வெட்டுப்படுகிறதா?

ஒரு நாள் ஒதுக்கி, நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இது. ஈ.கோலை சி-யில் வளர்த்த லாம்டாவை எடுத்து சி-யிலும் கே-12-இலும் போடுங்கள். சி-யில் எண்ணுவதற்குப் பத்து லட்சம் மடங்கு நீர்க்க வேண்டியிருந்த அதே ஸ்டாக், கே-12-இல் நூறு மடங்கு நீர்த்த தட்டிலேயே எண்ணும் அளவுக்குக் குறைந்திருக்கும். பிளேட்டிங் திறன் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவை ஒட்டி வரும்.

அந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள். கே-12 தட்டில் வந்த பிளேக் ஒன்றை டிப்பால் குத்தி எடுத்து, அரை மில்லி பஃபரில் போட்டு, ஒரு சொட்டு குளோரோஃபார்ம் விட்டுக் கலக்குங்கள். குளோரோஃபார்ம் பாக்டீரியாவைக் கொல்லும், லாம்டாவை ஒன்றும் செய்யாது. இந்த ஃபேஜை மறுபடி இரண்டு ஸ்ட்ரெய்னிலும் போட்டால் இப்போது இரண்டிலும் ஏறக்குறைய சமமாக வரும். தடை போய்விட்டது. இது மியூட்டேஷன் என்று நினைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள்: அதே ஃபேஜை ஒரே ஒரு தடவை ஈ.கோலை சி-யில் வளர்த்துவிட்டு மறுபடி கே-12-இல் போடுங்கள். திறன் பழையபடி பத்தாயிரத்தில் ஒன்றுக்கு விழுந்துவிடும். மியூட்டேஷன் இப்படிப் போய்வராது. ஃபேஜின் டிஎன்ஏ எழுத்து வரிசை மாறவில்லை, கடைசியாக வளர்ந்த செல் அதன் டிஎன்ஏ மேல் ஒரு குறி போட்டு அனுப்பியிருக்கிறது.

லூரியாவும் மேரி ஹியூமனும் 1952-இலும், பெர்ட்டானியும் வெய்கிளும் 1953-இலும் கண்ட விந்தை இதுதான். குறி இருப்பது டிஎன்ஏ மேலேதான் என்று 1962-இல் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பரும் டெய்சி டுஸ்வாவும் காட்டினார்கள். ஆர்பருக்கு 1978-இல் டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. இன்று குளோனிங்குக்கு வாங்கும், டிஎன்ஏவை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்கள் எல்லாம் இந்தப் பிளேக் கணக்கிலிருந்து கிளைத்தவை. அந்த விந்தையை முதலில் கண்டறிய ஒரு தட்டு, ஒரு பைப்பெட், ஒழுங்கான எண்ணிக்கை, இவ்வளவே போதுமாக இருந்தது. இந்தச் சோதனையை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது தன் கையால் செய்ய வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

கே-12-இல் இந்த வேலையைச் செய்வது ஈகோ-கே-1 என்ற என்சைம். ஏ-ஏ-சி, நடுவில் எதுவாகவும் இருக்கக்கூடிய ஆறு எழுத்துகள், பிறகு ஜி-டி-ஜி-சி: இந்த வரிசையைத் தேடும். தன் சொந்த டிஎன்ஏவில் இவ்விடங்களில் உள்ள அடினின் மேல் மெத்தில் குறி போட்டிருக்கும். குறியில்லாத டிஎன்ஏ வந்தால் அதைப் பற்றி இழுத்து, அந்த இடத்திலிருந்து தள்ளி எங்கேயோ வெட்டும். பத்தாயிரம் தடவையில் ஒரு தடவை வெட்டும் என்சைமைக் குறிபோடும் வேலை முந்திக்கொண்டால்கூடப் போதும். அந்தச் செல்லிலிருந்து வெளிவரும் ஃபேஜ்கள் கே-12-இன் குறியோடு வந்து பக்கத்துச் செல்களைத் தடையில்லாமல் தாக்கும். அதனால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு வலுவாகத் தெரிந்தாலும் ஒருமுறை உடைந்தால் முழுதும் உடைந்ததுதான்.

எந்த ஃபேஜை வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். டி4 ஃபேஜ் தன் டிஎன்ஏவில் சைட்டோசினுக்குப் பதில் சர்க்கரை பூட்டிய வேறொரு வடிவத்தை வைத்திருப்பதால் பெரும்பாலான ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்கள் அதைத் தொடுவதில்லை. டி7 ஃபேஜ் உள்ளே நுழைந்ததும் டிஎன்ஏவைப் போலவே உருவமுள்ள ஓசிஆர் என்ற புரோட்டீனை உருவாக்கி, ஈகோ-கே-1-ஐ அதில் சிக்கவைத்துவிடும். இவற்றில் தடை தெரியவில்லை என்றால் பாக்டீரியாவில் ரெஸ்ட்ரிக்‌ஷன் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

செல் பிழைத்ததா, செத்ததா?

பிளேக் இல்லை என்றால் பாக்டீரியா பிழைத்தது என்று எடுத்துக்கொள்கிறோம். கூட்டம் பிழைத்திருக்கலாம், தாக்கப்பட்ட செல் பிழைத்திருக்க வேண்டியதில்லை. ஃபேஜ் நுழைந்ததை உணர்ந்து, அது பெருகி முடிப்பதற்குள் செல் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்வதை அபார்ட்டிவ் இன்ஃபெக்‌ஷன் என்கிறார்கள், சுருக்கமாக அபி.

இதைக் காட்டும் சோதனை திரவ கல்ச்சரில் நடக்கிறது. 96 குழித் தட்டில் பாக்டீரியாவை ஊற்றி, ஒரு வரிசையில் செல்லுக்கு 0.05 ஃபேஜ், இன்னொன்றில் செல்லுக்கு 5 ஃபேஜ் என்று சேர்த்து, கலங்கலை சில மணி நேரம் ரீடரில் அளந்துகொண்டே இருங்கள். 0.05 என்றால் நூறில் ஐந்து செல்கள்தான் தாக்கப்படும். அபி இருந்தால் அந்த ஐந்தும் ஃபேஜ் எதையும் வெளிவிடாமல் சாகும், மற்றவை வழக்கம்போல் வளரும். 5 என்றால் தாக்கப்படாத செல் நூறில் ஒன்றுகூட இருக்காது. எல்லாச் செல்லும் நின்றுவிடுவதால் கோடு படுத்துவிடும். வாசல் பூட்டிய பாக்டீரியா இரண்டு அளவிலும் கவலையில்லாமல் வளரும்.

ஒரு எச்சரிக்கை: அதிக ஃபேஜ் போட்டதும் கல்ச்சர் விழுந்துவிட்டது என்பது மட்டும் அபிக்குச் சான்றாகாது. ரெஸ்ட்ரிக்‌ஷனையும் ஃபேஜ் கூட்டத்தால் திணறடிக்க முடியும். கல்ச்சர் விழுந்தபின் அதில் உள்ள ஃபேஜை எண்ணுங்கள். போட்டதைவிடப் பல மடங்கு பெருகியிருந்தால் பாதுகாப்பு உடைந்திருக்கிறது. செல்லும் செத்து, ஃபேஜும் பெருகாமல் இருந்தால்தான் அபி.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ப்ர்-சி என்ற புரோட்டீன். சில ஈ.கோலை ஸ்ட்ரெய்ன்களில் அது ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருக்கும். டி4 உள்ளே வந்து, அந்த என்சைமை முடக்க எஸ்டிபி என்ற சின்னஞ்சிறு பெப்டைடை விடும். என்சைம் முடங்கியதும் ப்ர்-சி விழித்து, புரோட்டீன் கட்டுவதற்கு லைசீன் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏவை வெட்டிவிடும், புரோட்டீன் உற்பத்தி நின்றுபோகும். டி4-உம் சும்மா இருப்பதில்லை. வெட்டிய டிஆர்என்ஏவைத் திரும்ப ஒட்டுவதற்குத் தனியாக இரண்டு என்சைம்கள் வைத்திருக்கிறது. உங்கள் லேப் ஃப்ரீசரில் டி4 பாலிநியூக்ளியோடைட் கைனேஸ், டி4 ஆர்என்ஏ லைகேஸ் என்று லேபிள் ஒட்டிய டியூப்கள் இருக்கும். அவை இந்தச் சண்டைக்காக உருவானவை.

கிரிஸ்பரைப் பார்க்க விரும்பினால்

தாக்கிய ஃபேஜின் டிஎன்ஏ துண்டைத் தன் ஜீனோமில் நினைவாகச் சேர்த்துவைத்து, அது மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டும் பாதுகாப்புதான் கிரிஸ்பர். அதைக் கே-12-இல் தேடாதீர்கள். அதில் கிரிஸ்பர் இருக்கிறது, ஆனால் சாதாரண லேப் சூழலில் எச்-என்எஸ் என்ற புரோட்டீன் அதை அமுக்கி வைத்திருக்கும். இதற்கு ஏற்றது தயிர் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். ஃபேஜ் புகுந்தால் பால் புளிப்பது நின்று தொட்டி தொட்டியாக வீணாகும் என்பதால், பால்பொருள் துறைக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. கிரிஸ்பர் ஃபேஜுக்கு எதிரான பாதுகாப்பு என்பதற்குச் சோதனைச் சான்று 2007-இல் டானிஸ்கோ என்ற தயிர் கல்ச்சர் நிறுவனத்தின் ரோடால்ஃப் பாராங்கூ, ஃபிலிப் ஹோர்வாத் குழுவிடமிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தச் சோதனையைப் பின்பற்றலாம். எம்17 ஊடகத்தில் லாக்டோஸ் சேர்த்து 42 டிகிரியில் வளர்த்து, ஃபேஜைக் கலந்து தட்டில் போட்டு, தப்பிய காலனிகளை எடுங்கள். கிரிஸ்பர் வரிசையின் தொடக்க முனையைப் பிசிஆர் செய்து, இரண்டு சதவீத அகரோஸ் ஜெல்லில் தாய் ஸ்ட்ரெய்னின் பக்கத்தில் ஓட்டுங்கள். புதிய நினைவு சேர்ந்த காலனியில் பட்டை சற்று மேலே நிற்கும். இந்த பாக்டீரியாவின் முதல் கிரிஸ்பரில், திரும்பத் திரும்ப வரும் துண்டு 36 எழுத்து, இடையில் வரும் துண்டு சுமார் 30 எழுத்து. ஆக ஒரு தாக்குதலின் நினைவு சுமார் 66 எழுத்து நீளம். பட்டையை வெட்டி வரிசைப்படுத்தினால் அந்த 30 எழுத்தும் நீங்கள் போட்ட ஃபேஜின் ஜீனோமில் அப்படியே இருப்பதைக் காணலாம். பட்டை நகராத காலனிகள் வாசலை மாற்றியவையாக இருக்கலாம், அவற்றை ஒட்டும் சோதனைக்கு அனுப்புங்கள்.

இப்போது கணினி

ஜீனோம் வரிசை கையில் இருந்தால் டிஃபென்ஸ்ஃபைண்டர், பேட்லாக் என்ற இரண்டு கருவிகளிலும் போடுங்கள். முன்னது பிரான்ஸிலிருந்தும் பின்னது நியூசிலாந்திலிருந்தும் வந்தவை, இலவசம், வலைத்தளத்திலேயே ஓடும். அதில் உள்ள பாதுகாப்பு அமைப்புகளின் பட்டியல் வரும்: ரெஸ்ட்ரிக்‌ஷன், கிரிஸ்பர், சிபாஸ், ரெட்ரான் என்று. ஸோர்யா, தோரிஸ், ஹாச்சிமான், ஷெடு போன்ற விசித்திரமான பெயர்களும் இருக்கும். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ரோட்டெம் சோரெக் குழு, பாதுகாப்பு மரபணுக்கள் ஜீனோமில் கொத்துக்கொத்தாக அருகருகே இருக்கும் என்பதை வைத்துத் தேடி, 2018-இல் பத்துப் புதிய அமைப்புகளை அறிவித்தபோது பல பண்பாடுகளின் காவல் தெய்வங்களின் பெயர்களை வைத்தது. நம்மூர் எல்லைச்சாமிகளுக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அதுதான் உங்கள் ஃபேஜைத் தடுத்தது என்று எழுதாதீர்கள். மரபணு உறங்கலாம், அல்லது வேறு ஃபேஜுக்கானதாக இருக்கலாம். இரண்டு பக்கச் சான்றும் வேண்டும்: அந்த மரபணுவை நீக்கினால் பிளேக் வர வேண்டும், அதை மட்டும் எடுத்து எளிதில் தாக்கப்படும் ஸ்ட்ரெய்னில் வைத்தால் பிளேக் குறைய வேண்டும். ஒட்டும் சோதனையும் 96 குழிச் சோதனையும் முன்பே செய்திருந்தால் பட்டியலில் எதை முதலில் நீக்கிப் பார்ப்பது என்று உங்களுக்கே தெரியும்.

தடையைத் தாண்டிய ஃபேஜ்

தடை இருக்கும் ஸ்ட்ரெய்னிலும் எப்போதாவது ஒன்றிரண்டு பிளேக் வரும். அவற்றைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஒற்றைப் பிளேக்காகச் சுத்தப்படுத்துங்கள். பிறகு எளிதில் தாக்கப்படும் ஸ்ட்ரெய்னில் ஒருமுறை வளர்த்துத் திரும்பப் போடுங்கள். திறன் விழுந்தால் அது வெறும் மெத்தில் குறி. விழாமல் நின்றால் உண்மையான மியூட்டேஷன், அதுதான் நமக்கு வேண்டியது. கிரிஸ்பரைத் தாண்டிய ஃபேஜில் பெரும்பாலும் அந்த 30 எழுத்துக்குள்ளோ அதை ஒட்டியோ ஓர் எழுத்து மாறியிருக்கும்.

அபி வகையில் இது இன்னும் சுவையானது. கேப்ரெல் என்ற அமைப்பைத் தாண்டிய ஃபேஜ்களை மைக்கேல் லாப் குழு வரிசைப்படுத்தியபோது, மாற்றங்கள் ஃபேஜின் வெளிக்கூட்டுப் புரோட்டீனின் மரபணுவில் இருந்தன. பாக்டீரியா எதைத் தொட்டு எதிரியை அடையாளம் கண்டது என்பதை இப்படி ஃபேஜே காட்டிக்கொடுத்தது. எனவே வெவ்வேறு லைசேட்டிலிருந்து (ஃபேஜ் செல்களை உடைத்தபின் கிடைக்கும் திரவம்) வந்த தனித்தனிப் பிளேக்குகளாக எடுங்கள். ஒரே லைசேட்டில் வந்தவை ஒரே மியூட்டேஷனின் பிரதிகளாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை நான்கு டிகிரியில் வைத்துவிட்டு, தாய் ஃபேஜையும் சேர்த்தே வரிசைப்படுத்த அனுப்புங்கள். பொதுத் தளத்தில் கிடைக்கும் வரிசையும் உங்கள் ஃப்ரிட்ஜில் உள்ள ஃபேஜும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.